ஹீரோவுக்கு வயது போகாது, பெடியனுக்குப் போகும்: கொமிக்ஸில் சைட்கிக் ஏன் எப்போதும் அடி வாங்குகிறான்?

போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சித்தியின் மகன், 14 வயது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கேட்டான்: "அண்ணா, வாலி உண்மையாவே ஆட்களைக் கொன்றவனா?" அவன் கேட்டது வாலி வெஸ்டைப் பற்றி. 2001இல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக் கார்ட்டூனில் சிவப்பு உடுப்போடு ஓடித் திரிகிற, எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஃப்ளாஷ் அவன்தான். தம்பி அந்தக் கார்ட்டூனை ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, வாலியைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ளலாம் என்று யூடியூபில் தேடியிருக்கிறான். தேடியவனுக்கு முதலில் கிடைத்தது, வாலி தன் நண்பர்களையே கொன்ற கதை.

ஒரே மூச்சில் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. இதைப் பற்றிக் கதைக்கிற பலரும் மூன்று பதில்களில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எழுதியவருக்கு வாலியைப் பிடிக்காது என்பார்கள், விற்பனை குறைந்திருக்கும் என்பார்கள், இல்லாவிட்டால் "சைட்கிக்தானே, விடு" என்பார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் வாலிக்கு நடந்ததேதான் ரொபினுக்கும் நடந்தது, ஸ்பீடிக்கும் நடந்தது, வேறு வேறு எழுத்தாளர் காலத்தில், வேறு வேறு விற்பனை நிலவரத்தில் திரும்பத் திரும்ப நடந்தது. அப்படியென்றால் உள்ளே ஏதோ ஒரு இயந்திரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று, கொமிக்ஸே படிக்காதவருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்லிப் பார்க்கிறேன்.

சைட்கிக் என்றால் யார்?

ஹீரோவோடு கூடவே திரிகிற, பெரும்பாலும் வயதில் இளைய துணைதான் சைட்கிக். தமிழில் மாண்ட்ரேக் கதைகள் படித்தவர்கள் லொதாரை நினைத்துக்கொள்ளலாம். சிலர் இதை "எடுபிடி" என்று மொழிபெயர்க்கிறார்கள், அந்தச் சொல் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. 1940இல் பேட்மேனுக்கு ரொபின் வந்ததற்கு முக்கியமான காரணம், பேட்மேனுக்குப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டதுதான். தனியாக இருட்டில் நிற்கிற ஒருவன் தன் மனதில் இருப்பதை யாரிடம் சொல்வான்? ரொபின் வெற்றி பெற்றதும் மற்றவர்களுக்கும் பெடியன்கள் வந்தார்கள். 1941இல் கெப்டன் அமெரிக்காவுக்கு பக்கி, அதே வருடம் கிறீன் அரோவுக்கு ஸ்பீடி என்கிற ரோய் ஹார்ப்பர்.

வாலி வந்தது 1959 கடைசியில், ஃப்ளாஷ் 110ஆவது இதழில். அவன் யார் என்பதை இங்கிலிஷில் சொல்வதைவிடத் தமிழில் சொன்னால் இன்னும் நெருக்கமாக விளங்கும். அப்போது ஃப்ளாஷ் ஆக இருந்தவர், மின்னல் வேகத்தில் ஓடுகிற பேரி அலன்; அவர் ஐரிஸ் என்ற பெண்ணைக் காதலிக்கிறார். ஐரிஸ் வாலிக்கு அத்தை, அப்பாவின் சகோதரி. ஆகவே பேரி அவனுக்கு மாமா. மாமாவைத் தெய்வம் மாதிரிப் பார்க்கிற ஒரு மருமகனுக்கு, மாமாவுக்கு நடந்த அதே மின்னல் விபத்து நடந்து, அதே வேகம் கிடைக்கிறது. கிட் ஃப்ளாஷ் என்று பெயர் வைக்கிறார்கள். எங்கள் வீடுகளில் மாமாவின் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் டாங்கில் ஏறி இருந்து போன எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கதை புரியும்.

பஸ் ஒன்று, சாரதி பலர்

காலி வீதியில் ஓடுகிற 100ஆம் இலக்க பஸ்ஸை எடுங்கள், பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போவது. அதில் ஒரு தனியார் பஸ்ஸின் பெர்மிட் ஒருவருடையது, ஓட்டுகிறவர் இன்னொருவர். இன்றைக்கு ஓட்டுகிறவர் பக்குவமாக ஓட்டுவார், வயோதிபர் இறங்கும்வரை நிற்பார். அடுத்த மாதம் வேறொருவர் வருவார், அவர் எப்படி ஓட்டுவார் என்பதில் பழைய சாரதிக்கு ஒரு சொல்லும் இல்லை.

வாலி, ஃப்ளாஷ் கொமிக்ஸை வெளியிடுகிற டிசி நிறுவனத்தின் சொத்து. அவனை எழுதுகிறவர்கள் சாரதிகள். மார்க் வெய்ட் 1992இலிருந்து பல வருடங்கள் அவனை எழுதி, ஒரு முழு மனிதனாக வளர்த்தெடுத்தார், ஆனால் அவர் இறங்கிய பிறகு வாலிக்கு என்ன நடக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அவரிடம் இல்லை. நாவல் படித்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நாவலில் ஒரு பாத்திரத்துக்கு ஓர் அம்மா, ஓர் அப்பா. இங்கே பெற்றவர் வேறு, வளர்த்தவர் வேறு, கையெழுத்துப் போடுகிறவர் வேறு.

இத்தனை பேர் எழுதியும் கதை ஒன்றுபோல் இருக்க ஒரு விதி வேண்டும் அல்லவா? அதற்குத்தான் "தொடர்ச்சி" என்று பெயர்: இதற்கு முன் வெளிவந்த இதழ்களில் நடந்தது நடந்ததுதான், இனி எழுதுகிறவரும் அதை மதித்தே எழுத வேண்டும் என்ற ஒப்பந்தம். வாசகர் மனம் வைப்பது இந்த ஒப்பந்தத்தை நம்பித்தான்.

கடிகாரம் இரண்டு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், இதை மட்டும் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

தமிழ் சீரியல் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். தொடங்கும்போது கதாநாயகியின் மகள் பால்போத்தலோடு இருப்பாள், பிறகு பள்ளிக்கூடம் போவாள், பிறகு அவளுக்கே மாப்பிள்ளை பார்ப்பார்கள். அம்மா மட்டும் முதல் நாள் இருந்த மாதிரியே இருப்பார். பக்கத்தில் மகள் நிற்காவிட்டால் அம்மாவின் வயதை யாரும் கவனிக்கவே மாட்டோம்.

சூப்பர்ஹீரோ கொமிக்ஸில் இதைத் திட்டம் போட்டே செய்கிறார்கள். வெளியே பல பத்தாண்டுகள் ஓடினாலும் கதைக்குள் சில வருடங்கள்தான் போயிருக்கும், தொடக்கப்புள்ளியும் கூடவே முன்னால் நகர்ந்து வரும். இதற்கு "மிதக்கும் காலம்" என்று பெயர். ஹீரோவுக்கு மட்டும் என்றால் இந்த ஏற்பாடு பிரச்சினை இல்லாமல் ஓடும். பேட்மேனுக்கு எப்போதும் முப்பத்தைந்து, சரி, யாரும் கேட்கப்போவதில்லை.

சைட்கிக் அப்படி இல்லை. அவன் சிறு பையனாக வருகிறான் என்பதே அவன் கதை, ஆகவே அவன் வளர்ந்தே ஆக வேண்டும். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்கள். வாலி வரும்போது அவனுக்கு 10, மாமாவுக்கு 25. வாலிக்கு 20 ஆகும்போது மாமாவுக்கு 35. வாலி கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, 30ஐத் தொட்டால் மாமாவுக்கு 45. படம், பொம்மை, ரீ சேர்ட் எல்லாவற்றிலும் இளைஞனாக விற்கப்படுகிற ஓர் ஆளுக்கு 45 வயது என்று ஒத்துக்கொள்ள நிறுவனம் தயாரில்லை. மாமாவின் தலையில் நரைமுடி இல்லாவிட்டாலும், பக்கத்தில் பிள்ளைகுட்டியோடு நிற்கிற மருமகனே அந்த நரைமுடி.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பாத்திரம் நிறுவனத்தின் சொத்து, எழுதுகிறவர் மாறிக்கொண்டே இருப்பார், ஹீரோவின் கடிகாரம் நிற்கிறது, சைட்கிக்கின் கடிகாரம் ஓடுகிறது. இரண்டு கடிகாரமும் முட்டிக்கொள்ளும்போது, ஹீரோவின் கடிகாரத்தில் யாரும் கை வைப்பதில்லை.

மருமகன் கடையைப் பொறுப்பெடுத்த காலம்

வாலியின் விடயத்தில் ஒருமுறை அந்தக் கடிகாரத்திலும் கை வைத்தார்கள். அதனால்தான் அவனை நேசிக்கிறவர்களுக்கு இவ்வளவு வலி.

1985இல் உலகத்தைக் காப்பாற்றி பேரி அலன் செத்துப்போனார். கிட் ஃப்ளாஷ் மாமாவின் சிவப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டான், 1987இல் ஃப்ளாஷ் என்ற பெயரிலேயே அவனுக்குத் தனி இதழ் வந்தது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையை நினைத்துப் பாருங்கள். முதலாளி காலமாகிவிட்டார், சின்ன வயதிலிருந்து கூடவே நின்ற மருமகன் கல்லாவில் வந்து இருக்கிறான். முதல் நாள் எல்லாரும் "பெரியவர் மாதிரி வருமா" என்றுதான் கேட்பார்கள். அவனுக்கும் அதே பயம். தொடக்கத்தில் வாலிக்கு மாமாவின் வேகம் வரவில்லை, உடம்பில் பலம் இருந்தும் வரவில்லை. 1993இல் வெளிவந்த 74 முதல் 79 வரையான இதழ்களில்தான் காரணம் வெளியே வருகிறது: மாமா அளவுக்கு வேகமாக ஓடினால் மாமாவின் இடத்தை உண்மையாகவே எடுத்துக்கொண்டதாகிவிடும் என்று அவன் மனமே அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தடை உடைகிற பக்கத்தை நான் இருபது தடவையாவது படித்திருப்பேன், மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடை ஒன்றில் அட்டை கிழிந்த பிரதியாகக் கிடைத்தது, இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறகு லிண்டா என்ற செய்தியாளரைக் கல்யாணம் செய்தான், இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். சைட்கிக்காக வந்த ஒருவன் வளர்ந்து, ஹீரோவாகி, குடும்பஸ்தனாகி, அது அத்தனையும் இருபது வருடத்துக்கு மேல் மாதா மாதம் வாசகரின் கண்முன் நடந்தது. சூப்பர்ஹீரோ கொமிக்ஸில் இப்படி நடப்பது மிகவும் அரிது. நான் வாலியைப் பிடித்துக்கொண்டதும் இதற்காகத்தான், அவன் வேகத்துக்காக இல்லை.

வரியை வெட்டுவது ஒன்று, கொப்பியை மாற்றுவது இன்னொன்று

2008இல் பேரி அலன் திரும்பி வந்தார். 23 வருடம் செத்திருந்த முதலாளி ஒருநாள் காலையில் கடைக்குள் நுழைகிறார், இன்னும் இளமையாக. மருமகன் எழும்பி இடம் கொடுக்கிறான், கொடுக்காமல் என்ன செய்வான். ஆனால் இப்போது கடைக்கு இரண்டு முதலாளி, அதில் மருமகனுக்குக் குடும்பமும் இருக்கிறது. மேலே போட்ட கணக்கு இப்போது எல்லார் கண்ணிலும் படுகிறது.

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும், பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது "ரெட்கொன்". ஏற்கெனவே வெளிவந்த கதையில் நடந்த ஒன்றை, பிறகு வருகிற கதை பின்னோக்கிப் போய் மாற்றிச் சொல்வது. பக்கி நல்ல உதாரணம். அவன் இரண்டாம் உலகப் போரின் முடிவில் செத்துவிட்டான் என்று 1964இல் ஒரு கதை சொன்னது. ஆனால் போர் முடிந்த பிறகு வெளிவந்த இதழ்களிலும் பக்கி ஓடியாடித் திரிந்திருக்கிறான், அவற்றை இந்த ஒரு கதை ஓரம் தள்ளிவிட்டது. 2005இல் இன்னொரு ரெட்கொன் வந்து, அவன் சாகவே இல்லை, விண்டர் சோல்ஜர் ஆகிவிட்டான் என்றது.

இரண்டாவது "ரீபூட்". தொடர்ச்சி முழுவதையும் அல்லது பெரும்பகுதியை அழித்துவிட்டு முதலாம் இதழிலிருந்து திரும்பத் தொடங்குவது. கொப்பியில் ஒரு வரியை வெட்டித் திருத்தினால் ரெட்கொன், அந்தக் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்ப் புதுக் கொப்பி வாங்கினால் ரீபூட்.

2011இல் டிசி புதுக் கொப்பி வாங்கியது. 52 இதழ்கள் ஒரே மாதத்தில் ஒன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்கின. ஹீரோக்கள் வெளியே வந்து ஐந்து வருடம் போலத்தான் ஆகிறது என்று அறிவித்தார்கள், எல்லாரும் இளமையானார்கள். வாலி வெஸ்ட் இல்லை. செத்தான் என்றும் சொல்லவில்லை, அவன் பிறந்ததாகவே அந்தக் கொப்பியில் எழுதப்படவில்லை. மனைவி, இரட்டைப் பிள்ளைகள், இருபது வருடக் கதை, எல்லாம் போய்விட்டது.

ஐந்து வருடத்துக்குள் வாலி வளர்ந்திருக்க முடியாதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதே ஐந்து வருடத்துக்குள் பேட்மேனிடம் ஒருவர் பின் ஒருவராக வந்த பெடியன்கள் பலரை மடித்து உள்ளே வைத்தார்கள். பேட்மேனுக்கு இடம் இருந்தது, வாலிக்கு இல்லை. கணக்கு இடிக்கிறது என்பதால் மட்டும் அவன் போகவில்லை, எங்கே இடிக்கலாம் என்று யாரோ மேசையில் இருந்து தெரிவு செய்திருக்கிறார்கள்.

2014இல் அதே பெயரில் வேறொரு சின்னப் பெடியனைக் கொண்டுவந்தார்கள், சீரியலில் "இவருக்குப் பதில் இவர்" என்று எழுத்துப் போடுகிற மாதிரி. அந்தப் புதுப் பெடியன் மேல் எனக்குக் கோபம் கிடையாது, பிறகு அவனுக்கென்று நல்ல கதைகளும் வந்தன. கறுப்பினத்துப் பிள்ளை என்பதற்காக அவன் மேல் சிலர் கக்கிய வெறுப்பு அசிங்கமானது, பழைய வாலியை நேசிக்கிறவர்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது.

2016இல் பழைய வாலி திரும்பினான். காலத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டவன், தன்னை நினைவிருக்கிற ஒருவரையாவது தேடி ஒவ்வொருவர் முன்னும் தோன்றுகிறான். லிண்டாவுக்கே அவனைத் தெரியவில்லை. கடைசியில் மாமாவுக்கு விடைசொல்லிவிட்டு மறையப்போகிற நேரம், மாமாவுக்கு நினைவு வந்து கையைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொள்கிறார். அதைப் படித்த அன்று நான் பஸ்ஸில் இருந்தேன், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது: ரெட்கொன் ஒரு சம்பவத்தை மாற்றும், ரீபூட் ஒரு வாழ்க்கையையே இல்லாமல் செய்யும். வாலிக்கு முதலில் நடந்தது ரீபூட். அடுத்து வந்தது வேறு வகை.

2018 செப்டெம்பர்

அந்த ஒரு மாதத்தில் சேர்ந்து வளர்ந்த மூன்று பழைய சைட்கிக்குகள் விழுந்தார்கள். முதல் ரொபினான டிக் கிரேசனுக்குத் தலையில் துப்பாக்கிச் சூடு, நினைவு போய், தன் பெயரையே மாற்றிக்கொள்கிறான். ஒரு வாரம் கழித்து வந்த ஹீரோஸ் இன் க்ரைசிஸ் முதலாம் இதழில் ரோய் ஹார்ப்பர் செத்துக் கிடக்கிறான், வாலியும் பக்கத்திலேயே செத்தவன் மாதிரிக் கிடக்கிறான்.

அந்தக் கதை நடப்பது ஒரு மனநல இல்லத்தில். ஹீரோக்கள் தங்கள் மனக்காயங்களுக்கு உதவி தேடி வருகிற இடம். ஒன்பது இதழ்கள் ஓடி, முடிவை நெருங்கும்போது உண்மை வெளியாகிறது: மனைவியையும் பிள்ளைகளையும் இழந்த வாலி, துயரத்தில் கட்டுப்பாடு இழக்க, அவனுக்குள் இருந்த சக்தி வெடித்து எல்லாரும் இறந்தார்கள், அதை மறைக்க அவன் பழியை வேறு இருவர் மேல் போட்டான்.

எனக்கு இதில் இரண்டு விடயங்களை மன்னிக்க முடியவில்லை. ஒன்று, அவன் குடும்பத்தை எடுத்தது நிறுவனத்தின் ரீபூட். அந்த இழப்பால் வந்த துயரத்தையே காரணமாக்கி அவனைக் குற்றவாளியாக்கினார்கள். இரண்டாவது, உதவி தேடிப் போன ஒருவனை ஆபத்தானவனாகக் காட்டியது. எங்கள் சமூகத்தில் கவுன்சிலிங் போவதை வீட்டுக்குள்ளேயே ஒளித்துச் செய்கிற ஆட்கள் எத்தனை பேர். 14 வயதுப் பெடியன் ஒருவன் தனக்குப் பிடித்த ஹீரோ உதவிக்குப் போய்க் கொலைகாரன் ஆனான் என்று படிப்பது சின்ன விடயம் இல்லை.

பெயர் ஒற்றுமை தற்செயல்தான், ஆனாலும் எனக்கு ராமாயண வாலி ஞாபகம் வராமல் இல்லை. அவனும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத அம்பில் விழுந்தவன். கம்பன் அவனுக்கு ஒரு மரியாதை கொடுத்தார், விழுந்து கிடந்தபடியே இராமனை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறான், பக்கம் பக்கமாகக் கேட்கிறான். எங்கள் வாலிக்கு யாரையும் கேட்க ஒரு பக்கம் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் எல்லாம் இயந்திரத்தின் குற்றமா?

இல்லை. கடிகாரம் இடிப்பது ஏன் பிரச்சினை வருகிறது என்பதை விளக்கும், பிரச்சினையை எப்படித் தீர்த்தார்கள் என்பதை விளக்காது. தீர்வு எப்போதும் மனிதர் எடுத்த முடிவு.

1988இல் இரண்டாவது ரொபின் ஜேசன் டொட் வாழ்வதா சாவதா என்று வாசகர்களையே தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னார்கள், ஓர் அழைப்புக்கு 50 சதம். சாகட்டும் என்று 5,343 வாக்கு, வாழட்டும் என்று 5,271. வெறும் 72 வாக்கில் ஒரு பிள்ளை போனான். அவன் உடுப்பைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு பேட்மேனின் குகையில் நினைவுச்சின்னமாக வைத்தார்கள், பல வருடம் அது அங்கேயே நின்றது.

2004இல் ஸ்டெஃபனி பிரவுன் என்ற பெண்பிள்ளை ரொபின் ஆனாள். சில இதழ்களிலேயே பேட்மேன் அவளை நீக்கினார், அதே வருடம் சித்திரவதைப்பட்டு இறந்ததாகக் காட்டினார்கள். அவளுக்குக் கண்ணாடிப் பெட்டி வைக்கவில்லை. எங்கள் வீடுகளில் ஓர் ஆள் போனால் சுவரில் ஒரு படம், ஒரு மாலை, ஒரு சின்ன லைட். அதுகூட இல்லை. வாசகர்கள், குறிப்பாகப் பெண் வாசகர்கள், எங்கே அவள் பெட்டி என்று வருடக்கணக்கில் கேட்டார்கள். 2008இல் அவள் சாகவே இல்லை என்று ரெட்கொன் செய்து கொண்டுவந்தார்கள், 2009இல் பேட்கேர்ள் ஆக்கி மிக அருமையான 24 இதழ்கள் எழுதினார்கள், 2011 ரீபூட்டில் திரும்பவும் அழித்தார்கள், 2014இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். பெட்டி வைக்க எந்தக் கடிகாரமும் தடையாக இருக்கவில்லை. வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தம்பிக்குச் சொன்ன பதில்

வாலி கொலைகாரன் இல்லை என்றுதான் சொன்னேன். 2021இல் ஜெரமி அடம்ஸ் எழுத வந்தபோது, அந்த வெடிப்புக்கு வாலி காரணமில்லை என்று ரெட்கொன் செய்தார்கள். லிண்டாவோடும் பிள்ளைகளோடும் அவன் திரும்ப ஒரு வீட்டில் இருக்கிறான். காயப்படுத்திய அதே கருவியால்தான் மருந்தும் போட்டார்கள், அது நாளைக்கு வேறொரு சாரதி வந்தால் மாறலாம் என்பதையும் தம்பியிடம் மறைக்கவில்லை.

நீங்களும் புதிதாகத் தொடங்குவதென்றால் 1993இன் 74ஆம் இதழிலிருந்து தொடங்குங்கள், முன்கதை தெரியாவிட்டாலும் ஓடும். பிறகு வாலி திரும்பி வருகிற 2016இன் சிறப்பிதழ். அதன்பின் நேராக 2021இன் 768ஆம் இதழுக்குப் போய்விடலாம், இடையில் 2018ஐ விட்டாலும் கதை விளங்கும். தம்பிக்கு என் கிழிந்த பிரதியைக் கொடுத்து, மற்ற ஐந்து இதழ்களையும் டெப்பில் போட்டு அனுப்பினேன். நேற்றிரவு பதினொன்றரைக்கு மெசேஜ் வந்தது: "79 முடிஞ்சுது. 80 எங்க அண்ணா?"